எட்டு ஆம்பூலும் ஒரு வாந்தியும்

ஜனவரி 11

இன்று முதல் நான் கழுகுக்குக் காவல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எழுதித் தொலைக்கிறேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாகக் கம்பவுண்டர் நான். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குக் கட்டு, கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட எருமைக்குள் தோள் வரை கை — எல்லாம் பார்த்தாயிற்று. ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் பாறைச் சுவரில் பிணந்தின்னிக் கழுகுகள் குடியிருக்கின்றன. அவற்றை எண்ணுவதே வேலையாகப் பதினோரு வருடமாக அலைகிறார் பறவைக்காரர். போன வாரம் அங்கேயே சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நின்றால் அந்தச் சுவர் நேரெதிரே தெரியும். டாக்டர் உடனே என் பக்கம் திரும்பிவிட்டார்.

"காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சும்மா பாத்து எழுதுங்கம்மா. அவர் கால் சரியாகிற வரைக்கும்."

"உயிரோட இருக்கிற மாட்டைப் பாக்கவே நமக்கு நேரம் இல்ல டாக்டர்."

"செத்த மாட்டை அதுங்கதானே பாக்குது. ஒரே டிபார்ட்மெண்ட்தான்."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனார். இந்த ஆளோடு பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

மூன்று கால் வைத்த தொலைநோக்கியும் கட்டம் போட்ட தாள் ஒரு கட்டும் வந்து சேர்ந்தன.

ஜனவரி 13

சுவரில் மொத்தம் இருபத்துமூன்று. முட்டை இருப்பது ஒரே ஒரு கூட்டில்தான். கூடு என்று சொல்வதே மரியாதை. பாறை இடுக்கில் நாலு குச்சியைப் போட்டு, பொங்கி வழிந்த சுண்ணாம்பு மாதிரி அதைச் சுற்றி எச்சம் போட்டு வைத்திருக்கிறது.

பறவையின் லட்சணம்: தலையிலும் கழுத்திலும் முடி என்று பேருக்குக்கூட இல்லை. தோளில் மட்டும் வெள்ளைப் பஞ்சுக் காலர். சட்டையை மறந்துவிட்டுக் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி இருக்கிறது.

சாயங்கால வெயில் பாறையில் அடித்ததும் அது தன் காலிலேயே கழிந்துகொண்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நோய் என்று நினைத்துப் பறவைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நோய் இல்லம்மா. அது சூட்டைத் தணிச்சுக்குது. ஈரம் காயக் காயக் காலு குளிரும். அப்புறம், பிணந்தின்னின்னு சொல்லாதீங்க. பாறுன்னு சொல்லுங்க. பழைய பேரு, நல்ல பேரு."

காலில் கழிகிற ஜீவனுக்கு நல்ல பேர் ஒன்றுதான் குறைச்சல். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். "குறிப்பு" என்றார். அந்தக் கட்டத்தில் ஒரு எறும்பு கால் நீட்டிப் படுக்கலாம். அவ்வளவுதான் இடம்.

ஜனவரி 19

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாதாம். இரண்டும் ஒரே அச்சு. நானே பேர் வைத்துவிட்டேன். ஒன்றுக்கு இடது சிறகில் ஒரு இறகு இல்லை, பறக்கும்போது சந்து தெரிகிறது. அவன் பொக்கை. காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருவான், வந்ததும் வாசலில் நின்று சோம்பல் முறிப்பான். ஆம்பளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? பொறுமையாக முட்டை மேல் உட்கார்ந்திருப்பது பெரியம்மா.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் பொக்லைன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குலுங்கிக் குலுங்கி இடுப்பு போய்விட்டது. குப்புறப் படுத்துக்கொண்டு, நான் இடுப்பில் வலி ஊசி போடக் காத்திருந்தார்.

"பொக்கை பாவம். எங்கெங்க சுத்தி யார் யாருக்கு வேலை செஞ்சுட்டு வருதோ."

ஊசியை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

ஜனவரி 27

ஒன்றும் நடக்கவில்லை. அது முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. நான் நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 7

பொரித்துவிட்டது.

பெரியம்மா எழுந்து நின்று தன் காலடியைக் குனிந்து பார்த்தபடியே கால் மணி நேரம் நின்றது. நகர்ந்தபோது தெரிந்தது. ஈரத் துணியில் துடைத்துப்போட்ட எலிக்குஞ்சு மாதிரி ஒன்று, தலையைத் தூக்கத் தெம்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அழகு என்று பொய் சொல்ல மாட்டேன்.

கீழே இறங்கி டாக்டரிடம் சொன்னேன். மருந்து வாங்க வந்த ஆட்டுக்காரரிடமும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

பறவைக்காரர் கட்டுக்காலோடு ஆட்டோவில் வந்து, மொட்டை மாடிப் படியை உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினார். என் தாள்களைப் புரட்டினார்.

"பொக்கையை ஏன் 'அவன்'னு எழுதியிருக்கீங்க?"

"ஊர் சுத்துறானே."

"நவம்பர்ல ஜோடி சேரும்போது நான் பாத்தேன். பொக்கைதான் கீழ இருந்துச்சு. அது பொம்பளை. நீங்க பெரியம்மான்னு எழுதியிருக்கிறதுதான் அப்பன்."

மனுஷர் இன்னும் ஒரு குண்டையும் போட்டார். என் தாளிலேயே கூட்டிப் பார்த்தால் இரண்டும் சரிபாதி நேரம்தான் அடைகாத்திருக்கின்றன. பொக்கை காலையில் உட்கார்ந்த நாட்களை நான் எழுதியிருக்கிறேன், ஆனால் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் எழுதியதையே நம்பாத ஆள் நான். ஆண்பிள்ளைகளைத் திட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவ்வளவு அவசரம் எனக்கு.

பெரியம்மா இன்று முதல் பெரியவர்.

மார்ச் 10

சோறு ஊட்டுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு இன்று டீ குடிக்க முடியவில்லை. பொக்கை தொண்டைப் பையை நிரப்பிக்கொண்டு வருகிறாள். கழுத்து முன்னால் தொங்குகிறது. குஞ்சு அலகைத் தட்டுகிறது. அவள் குமட்டுகிறாள், வாயில் வருகிறது, குஞ்சு உள்ளே தலையை விட்டு எடுத்துக்கொள்கிறது. அரைமணி நேரத்தில் குஞ்சுக்குத் தொண்டை புடைத்துவிட்டது.

அதன் வயிற்றில் இருக்கிற அமிலத்தில் கொடும் நோய்க்கிருமியும் வெந்துபோகுமாம். நோய் வந்து செத்த மாட்டைத் தின்றுவிட்டு இது பாட்டுக்கு வெயில் காயும். நான் சாதாரணத் தயிர் புளித்துப்போனால் ஒரு நாள் படுத்துக்கொள்கிறேன்.

பறவைக்காரர் போனில் சொன்னது: மேலே போக அவை சிறகு அடிப்பதில்லை. வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும் வரை காத்திருந்து, அதில் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு வட்டம், வட்டம், வட்டம். மோப்பமும் கிடையாது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே சுற்றும். ஒன்று இறங்கினால் பக்கத்து வானத்தில் இருப்பது அதைப் பார்க்கும், அதை அடுத்தது பார்க்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு முன் ஆம்புலன்ஸ் நின்றால் நடக்கிறது இதேதான்.

ஒன்று மட்டும் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். மாட்டுக்குப் போடுகிற வலி ஊசிகளில் டைக்ளோஃபெனாக் மட்டும் கூடாது. அந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். கழுத்தைத் தொங்கப் போட்டு உட்காரும், இரண்டு மூன்று நாளில் விழும். "அந்த வயித்துல எதுவும் செரிக்கும். இது ஒண்ணுதான் செரிக்காது."

எனக்கா தெரியாது? நாங்கள் அதை ஆஸ்பத்திரிக்குள் சேர்ப்பதே இல்லை. பாறுக்கு ஆகிற வேறு ஊசிதான் போடுகிறோம். செத்த மாட்டைக் குவாரியில் போடுவதற்கு முன்னால் எங்கள் சிகிச்சைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. யாரும் வந்து பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 5

நாத்தனார் வீட்டில் விருந்து. எல்லார் முன்னாலும் வீட்டுக்காரர் சொல்கிறார்: "என் இடுப்பு தாங்குது. மாடுங்க எப்படித் தாங்குதோ. இவ ஊசி போட்ட மாடு பாதி அங்கேயே போயிடும், மீதி பயத்துல போயிடும்." எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பத்தொன்பது வருடம். ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டி வந்ததில்லை, ஒரு நரம்பு செத்ததில்லை. டாக்டரே தன் நாய்க்கு ஊசி போட என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இருக்கிற ஒரே பெருமை அது. அதில் கை வைத்துவிட்டார்.

இனி பேச்சு கிடையாது. ஊசி மட்டும் போடுவேன். அது தொழில்.

ஏப்ரல் 12

பேசவில்லை. அவரும் பேசவில்லை. இடுப்பைக் காட்டினார், போட்டேன்.

குஞ்சுக்குக் கறுப்பு இறகு முளைக்கிறது. சிறகை விரித்துப் பார்த்துத் தானே பயந்து மடக்கிக்கொள்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பால்காரம்மாவின் நெற்றிச்சுட்டி மாடு சாக்கடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. கறுப்பு மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஊர்க்காரர்கள் கயிறு போட்டுத் தூக்கிவிட்டார்கள், ஆனால் எழுந்து நிற்கவில்லை. இடுப்பெலும்பு போயிருந்தது. டாக்டர் வெளியூரில் இருந்தார். போனில், "வலிக்கு ஊசி போடுங்க, நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் வலி ஊசி தீர்ந்து நாலு நாள் ஆகிறது. எழுதிப் போட்டிருக்கிறோம், வரவில்லை.

அது கத்திய கத்தல் — மாடு கத்துவதைத் தினமும் கேட்கிறவள் நான். இது வேறு. பால்காரம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏதாச்சும் பண்ணுங்கம்மா. உங்க கையில ஒண்ணுமே இல்லையா?"

இருந்தது. கைப்பையில் வீட்டுக்காரரின் இடுப்பு ஊசி இருந்தது. காலையில்தான் மருந்துக்கடையில் வாங்கினேன். எட்டு ஆம்பூல். மனுஷ மருந்து. பேர் எனக்குத் தெரியும். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

எட்டையும் உடைத்துப் போட்டேன். அரைமணியில் கத்தல் அடங்கியது. பால்காரம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதிவேட்டில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? நாளைக்கு டாக்டர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 20

டாக்டர் மத்தியானம் வந்து பார்த்தார். பிழைக்காது என்றார். சாயங்காலம் போய்விட்டது. நான் சொல்லவில்லை. என்ன ஊசி போட்டீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. வழக்கமானதைத்தான் போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பார்.

"புதைச்சிடுங்க" என்று பால்காரம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊசி போட்ட மாடு பாதி அங்கேயே போயிடும் என்று யாரோ சிரிக்கிற சத்தம் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலை எட்டரைக்கு மேலே போனேன். சுவர் காலி. கூட்டில் குஞ்சும் பெரியவரும் மட்டும். மற்ற எல்லாம் குவாரித் தரைக்கு மேலே வட்டம் போடுகின்றன, ஒன்று ஒன்றாக இறங்குகின்றன. தொலைநோக்கியைக் கீழே திருப்பினேன். கறுப்பு மாடு. நெற்றியில் வெள்ளை.

புதைக்கல. இழுத்துட்டு வந்து போட்டுட்டா. எல்லாரும் செய்றதைத்தானே அவளும் செஞ்சா. நான் சொன்னேனா ஏன்னு? சொல்லலையே பாவி.

மழைக்கு வைத்திருந்த பெரிய குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைக் கோட்டோடு. ஒரு கிலோமீட்டர் இருக்கும். வழியில் நின்றவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஓடிக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏங்க, பொக்லைனை எடுத்துட்டுக் குவாரிக்கு வாங்க. ஒரு மாட்டைப் புதைக்கணும். இப்பவே."

"யாரு பேசுறது?"

"விளையாடாதீங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, போனிலேயே அவர் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தரையில் இருந்தன. தூரத்தில் பார்த்தால் பஞ்சுக் காலர். கிட்டத்தில் அப்படி இல்லை. இடுப்பு உயரம் இருக்கிறது ஒவ்வொன்றும். உறுமுகிறது, சீறுகிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கிறது. கண்ணும் வால்பக்கமும் போயிருந்தன. ஒன்று வயிற்றுக்குள் கழுத்து வரை தலையை விட்டிருந்தது. வெளியே இழுத்தபோது இடது சிறகில் சந்து.

பொக்கை.

குடையை விரித்துக்கொண்டு கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை என்று மட்டும் தெரியும். மற்றவை தத்தித் தத்தி நகர்ந்து பத்தடி தள்ளி வட்டமாக நின்றன. போகவில்லை. காத்திருப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பொக்கையால் ஓட முடியவில்லை. அவ்வளவு தின்றிருக்கிறாள். நான் துரத்துகிறேன், அவள் சிறகை விரித்துக்கொண்டு தடதடவென்று ஓடுகிறாள், மேலே எழும்ப முடியவில்லை. பாறை மூலையில் மாட்டிக்கொண்டாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

வாந்தி எடுத்தாள். என் மேல்.

கொஞ்சமா நஞ்சமா. கோட்டில், கழுத்தில், செருப்புக்குள். இரண்டாவது தடவை குடையில். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. தூக்கிப் பறக்கக் கனமாக இருந்தால், எதிரி நெருங்கினால், தின்றதைக் கக்கிவிட்டு ஓடும் என்று பறவைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்தக் கறி என் கோட்டில் இருக்கிறது. அவள் வயிற்றில் இல்லை.

"எடுடி," என்றேன். "இன்னும் எடு. எல்லாத்தையும் எடு." அழுதுகொண்டே சொன்னேன். மூன்றாவது தடவையும் எடுத்தாள். பிறகு நாலு எட்டு ஓடி, எழும்பி, போய்விட்டாள்.

அதன்பின் இரண்டே கால் மணி நேரம் அந்த மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் ஒன்று வந்து கொத்தும். காலையும் மாலையும் இதுகளுக்குக் காவல் இருந்தவள், இன்று இதுகளிடமிருந்து சோற்றைக் காவல் காத்தேன்.

பொக்லைன் வந்தது. அவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, அதை நான் மறக்க மாட்டேன்.

"உங்க இடுப்பு ஊசி எட்டும் இந்த மாட்டுக்குள்ள இருக்கு," என்றேன்.

மாட்டைப் பார்த்தார். வட்டமாக நின்ற கழுகுகளைப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கு எனக்கு ஊசி கிடையாது," என்றார். வண்டியில் ஏறிக் குழி தோண்ட ஆரம்பித்தார். பத்தடி ஆழம். நான் போதும் என்ற பிறகும் தோண்டினார்.

ஏப்ரல் 22

கூட்டில் பெரியவர் மட்டும். பொக்கை வரவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "பதிவேட்டில எழுதாததும் நல்லதுதான். எழுதாமலே விட்டுடுங்க. எதுவும் ஆகாது, பாருங்க."

நல்ல மனுஷர். எனக்காகத்தான் சொல்கிறார்.

ஏப்ரல் 23

பொக்கை வரவில்லை. பெரியவர் ஒரே ஒரு தடவை போய் வந்தார். குஞ்சு அலகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

சுவரில் மேற்கு ஓரத்தில் ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிறகில் சந்து இருக்கிறதா என்று தெரியவில்லை. மடக்கி வைத்திருக்கிறது. திரும்புடி. ஒரு தடவை திரும்பு.

ஏப்ரல் 24

விழுந்துவிட்டது. வீட்டுக்காரரும் நானும் போய் எடுத்தோம். சிறகை விரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் விரித்தார்.

"எல்லா இறகும் இருக்கு," என்றார்.

பொக்கை இல்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நொடிக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். இதுவும் யாரோ ஒன்றுக்கு ஜோடிதான். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற ஜாதி. இதற்கு நான் பேர்கூட வைக்கவில்லை.

அங்கிருந்து நேரே பறவைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் 'இறப்பு' என்று தனியாக ஒரு தாள் இருக்கிறது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எனக்குப் பேசத் தைரியம் வராததால், நின்றுகொண்டே எழுதி அவர் கையில் கொடுத்தேன்: *நான் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். எட்டு ஆம்பூல். பதிவேட்டில் எழுதவில்லை.* கீழே கையெழுத்து.

படித்தார். வெகுநேரம் படித்தார். நாலு வரிதான்.

"பதினோரு வருஷத்துல இந்தக் கட்டத்துல பதினாலு தடவை 'தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கேன்," என்றார். "யாரோ ஒருத்தருக்கு ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்."

ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்து பதிவேட்டில் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன். டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை.

ஏப்ரல் 25

வரவில்லை.

ஏப்ரல் 26

வரவில்லை. வீட்டுக்காரர் இடுப்பு வலியில் முனகுகிறார். மருந்துக்கடைக்குப் போய் அந்த ஊசியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பரவாயில்ல, வெந்நீர் ஒத்தடம் குடு" என்கிறார். அந்த விருந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒத்தடம் கொடுக்கும்போது மட்டும், "உன் கை நல்ல கைதான்" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் கேட்டது.

ஏப்ரல் 27

காலை 9.10. பொக்கை வந்தாள்.

மெலிந்திருந்தாள். இறங்கும்போது தடுமாறினாள். ஆனால் தொண்டை புடைத்திருந்தது. எங்கே போய் என்னத்தைத் தின்றாளோ, குஞ்சு தலையை முழுசாக உள்ளே விட்டுக்கொண்டது. பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். இத்தனை நாள் எங்கே போனாய் என்று ஒரு உறுமல்கூட இல்லை.

படியில் உட்கார்ந்து அழுதேன். கீழே யாரோ கோழியோடு வந்து, "கம்பவுண்டரம்மா இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தட்டும்.

மே 9

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எச்சரிக்கை, சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிவைப்பு. வேலை போகவில்லை. டாக்டர் என்னவெல்லாம் எழுதிக் காப்பாற்றினாரோ.

அதைவிடப் பெரிய தண்டனையைப் பால்காரம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நடந்ததை அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வாடிக்கை வீடு ஒன்று விடாமல் பாலோடு சேர்த்து என் கதையையும் ஊற்றிவிட்டு வருகிறாள். கெட்ட எண்ணமே இல்லை அவளுக்கு. "என் மாடு கத்துறது பொறுக்காம புருஷன் ஊசியை எடுத்துப் போட்டுச்சு அந்த அம்மா, அதுல ஒரு கழுகு செத்துப்போச்சு" என்று உள்ளதைத்தான் சொல்கிறாள். கேட்கிறவர்கள் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ரொட்டிக்கடையில் ஒருத்தன், "கழுகுக்கே ஊசி போட்ட கையாம்" என்றான், என் காதுபட. பத்தொன்பது வருடத்துப் பேர். ரொட்டியை வாங்காமல் வந்துவிட்டேன்.

பறவைக்காரர் இன்னும் போன் எடுப்பதில்லை. தாள்களை வாரம் ஒரு முறை அவர் கதவிடுக்கில் செருகிவிட்டு வருகிறேன்.

மே 18

குஞ்சு நாள் முழுக்க விளிம்பில் நின்று சிறகடிக்கிறது, பறக்க மாட்டேன் என்கிறது. பெரியவர் தீனியோடு வந்து கொடுக்காமல் எதிர்ப்பாறையில் உட்கார்ந்துகொள்கிறார். குஞ்சு கத்துகிறது. பாட்டு வராத ஜாதி, கத்தினாலும் துருப்பிடித்த கீல் சத்தம்தான்.

மே 25

போய்விட்டது. காலை 10.20. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த நேரத்தில். பொரித்ததிலிருந்து நூற்றேழு நாள் பார்த்தேன், அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கவில்லை. என் ராசி.

நேரம் எழுதியிருக்கிறேன். குறிப்பு: "பார்க்கவில்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்."

மே 27

பறவைக்காரர் போன் செய்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது.

"கண்ணாடி துடைச்சேன்னு எல்லாம் யாரும் எழுத மாட்டாங்க," என்றார். "சுமாரா ஒரு நேரம் போட்டு, பறந்ததைப் பாத்தேன்னு எழுதிடுவாங்க."

"நான் இனிமே அப்படி எழுதுறதா இல்ல."

"தெரியுது. கால் சரியாகிடுச்சு, தொலைநோக்கியை வாங்க ஆள் அனுப்புறதா இருந்தேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்."

ஜூலை 2

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். மருந்துக்கு நின்றவர்கள், கன்றுகளோடு வந்தவர்கள், ரொட்டிக்கடைக்காரனின் நாய். அப்போது ஒரு டிராக்டர் வந்து வாசலை அடைத்து நின்றது. பின்னால் செத்த எருமை. ஓட்டி வந்தவர் எனக்குப் பழக்கமில்லாத ஆள், வண்டியை அணைக்காமலே உச்சக் குரலில் கேட்டார்:

"ஏம்மா, கழுகு செத்துச்சாமே, அந்தக் கம்பவுண்டர் நீங்கதானே? இந்த எருமைக்குப் போன வாரம் இங்கதான் வைத்தியம் பாத்தேன். குவாரியில போடலாமா, புதைக்கணுமா? கேட்டுட்டுத்தான் போடணும்னு பால்காரம்மா சொல்லுச்சு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முன்பாக இருந்தால் அந்த ஆளை டிராக்டரோடு சேர்த்துக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

"நான்தான்," என்றேன். "இருங்க, பாத்துச் சொல்றேன்."

பதிவேட்டை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் பக்கத்தைப் புரட்டினேன். குளுக்கோஸ், விட்டமின், பூச்சி மருந்து. வலி ஊசி இல்லை. "வெளியில யாராவது ஏதாவது போட்டாங்களா? மனுஷ மாத்திரை, மனுஷ ஊசி?" இல்லை என்றார். மறுபடியும் கேட்டேன். அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டும் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாவும் இல்லை என்றாள்.

"கொண்டு போய்ப் போடுங்க."

ஒரு மாதத்தில் இப்படிக் கேட்டுவிட்டுப் போகிற நாலாவது வண்டி இது. இரண்டைப் புதைக்கச் சொன்னேன்.

மாடிக்குப் போய்த் தொலைநோக்கியைத் திருப்பினேன். நாற்பது நிமிடம் வானத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வட்டம் போட்டது, இடது சிறகில் சந்து தெரிந்தது. இறங்கியது. பின்னாலேயே பெரியவர். அப்புறம் மேலே, பஞ்சுக் காலர் இல்லாமல் புத்தம்புது இறகோடு ஒன்று, எங்கே காலை ஊன்றுவது என்று தெரியாமல் மூன்று தடவை சுற்றி, கடைசியில் வேகத்தைக் குறைக்க மறந்து வந்து இறங்கி, குட்டிக்கரணம் அடித்து, எருமையின் மேலேயே போய் மோதி நின்றது.

எழுந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்தது. பொக்கை நகர்ந்து அதற்கு இடம் விட்டாள்.